கொழுந்துக் கொப்பியும் என் பேர்சரியும்

கடந்த ஜூன் மாதம், நான் படித்த இந்தக் கல்லூரிக்கு ஒரு நாள் வந்திருந்தேன். உயர்தர வகுப்பு மாணவிகளோடு பல்கலைக்கழக வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கும்படி எனது தமிழாசிரியை கேட்டிருந்தார். கேள்விகள் நிறைய வந்தன. பகிடிவதை எப்படி, ஆங்கிலத்தில் விரிவுரை செய்தால் விளங்குமா, விடுதிச் சாப்பாட்டை நம்பிச் சாப்பிடலாமா என்றெல்லாம் கேட்டார்கள். மணியடித்து எல்லோரும் போன பிறகு ஒரு தங்கை மட்டும் கதவோரம் நின்றாள்.

"தாத்தா, மாசத்துக்கு எவ்வளவு காசு வேணும்?"

நான் பதிலை யோசிப்பதற்குள் அவளே மெல்லச் சொன்னாள்: "கெடச்சாலும் அனுப்ப ஏலாதுண்டு வாப்பா இப்பவே செல்றார்."

"மகாபொல கிடைக்கும், நீ படி" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். பஸ் நிவித்திகலையைத் தாண்டும்போது மனம் உறுத்தத் தொடங்கிவிட்டது. எனக்கும் மூன்று வருடத்துக்கு முன்னர் எல்லோரும் சொன்னது அதே வசனம்தான். அதை மட்டும் நம்பிப் போய் நான் பட்டபாடு எனக்குத் தெரியும். அந்தத் தங்கைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவளுடைய வாப்பாவும் வாசித்தால் இன்னும் நல்லது.

எங்கள் வீடு கலவானையில், சிங்கராஜ வனத்துக்குப் போகும் பாதையில் இருக்கிறது. மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். வாப்பா தையல்காரர். 2017 மே மாத வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் ஏறி இரண்டு மெஷின்களும் துருப்பிடித்துப் போயின. ஒன்றைத்தான் திருத்த முடிந்தது. உம்மாவுக்கு மூத்தாப்பா கொடுத்த அரை ஏக்கர் தேயிலைக் காணி ஒன்றும் உண்டு. நாங்கள் மூன்று பிள்ளைகள். நான்தான் மூத்தவள்.

2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. மின்வெட்டுக் காலம். குப்பி விளக்கில் படித்தேன் என்று சொன்னால் பழைய கதை போலிருக்கும், ஆனால் அது நேற்று நடந்தது. ஓகஸ்டில் முடிவு வந்தபோது வீட்டில் சந்தோஷத்துக்கு அளவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் உம்மா வட்டிலப்பம் அனுப்பினார். அதன் பிறகு படிவங்கள் வந்தன.

நம் நாட்டில் அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சராக இருந்த காலத்தில், 1945இல், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. நான் அதை வரலாற்றுப் பாடத்தில் எத்தனையோ தடவை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் இலவசமானது விரிவுரைதான். தங்கும் அறை, சோறு, பஸ், போட்டோக் கொப்பி எதுவும் இலவசமில்லை. இந்த வித்தியாசம் பெற்றோருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பிள்ளைகளான நமக்குத்தான் பிந்தித் தெரிகிறது.

அந்தச் செலவுக்காக அரசாங்கம் தரும் உதவி இரண்டு வகை. ஒன்று மகாபொல புலமைப்பரிசில். 1981இல் லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது சட்டமாக்கப்பட்ட நம்பிக்கை நிதியம் அது. உயர்தரப் பெறுபேறையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுப்பார்கள். மகாபொல கிடைக்காத, ஆனால் வசதி குறைந்த மாணவர்களுக்கு பேர்சரி என்ற உதவுதொகை இருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபா, பேர்சரி 4,000 ரூபா. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அவை 7,500 ஆகவும் 6,500 ஆகவும் கூட்டப்பட்டன.

படிவத்தில் குடும்ப வருமானம் என்று ஒரு கட்டம் உண்டு. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். வாப்பா பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "பத்தாயிரம்னு போடுங்க, எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க" என்றார். வாப்பா அதற்கு மறுத்துவிட்டார். பொய் எழுதிப் பிள்ளையைப் படிப்பிக்க மாட்டேன் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவர் எழுதிய எண் 45,000.

அதுவும் உண்மையில்லை. 2020இல், கடை நன்றாக ஓடிய, கொழுந்தும் நன்றாக இருந்த மாதங்களின் தொகை அது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது, தேயிலை காய்ந்துபோனது. அதற்கடுத்த வருடம் துணி விலை ஏறியது, பெருநாளைக்குக்கூட யாரும் புதிதாகத் தைக்கக் கொடுக்கவில்லை. உண்மை வருமானம் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உம்மா அதைச் சொன்னார். "ஜீஎஸ் மாத்தயா எனக்குத் தெரிஞ்ச மனுசன். அவர் முன்னால இதக் கொண்டுபோய் வெக்கேலாது" என்றார் வாப்பா.

குறைத்து எழுதுவது பொய் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கூட்டி எழுதுவதை நாம் கௌரவம் என்று சொல்லிக்கொள்கிறோம். படிவத்தை வாசிப்பவருக்கு அந்தக் கௌரவம் தெரியாது. அவருக்குத் தெரிவது எண் மட்டும்.

வாப்பாவுக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பகுதி மகாபொல நிதியத்துக்குப் போகிறது. லொத்தர் காசில் பிள்ளை படிப்பதா என்று இரண்டு இரவு தூங்காமல் இருந்தார். பிறகு பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டார். அவர் என்ன சொன்னார் என்பதை வாப்பா எனக்குச் சொல்லவில்லை. சுபஹு தொழுகைக்குப் போய்வந்து படிவத்தில் கையொப்பம் வைத்தார்.

எனக்கு மகாபொல கிடைக்கவில்லை. பேர்சரி கிடைத்தது. 45,000 என்ற எண்ணால்தான் தவறியது என்று நான் சொல்லமாட்டேன், பெறுபேறும் பார்க்கிறார்கள். மேன்முறையீடு செய்து பார் என்று சிரேஷ்ட மாணவி ஒருவர் சொன்னார். அப்படிச் செய்வதென்றால் வாப்பா எழுதிய தொகை சரியில்லை என்று அவருடைய மகளே கடிதம் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. வாப்பாவோ, பேர்சரி லொத்தர் காசில்லை, திறைசேரிக் காசு என்று கேள்விப்பட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதல் ஐந்து மாதங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை. விண்ணப்பங்களைச் சரிபார்த்து, பட்டியல் போட்டு, வங்கிக் கணக்குக்கு அனுப்ப அவ்வளவு காலம் ஆகும் என்பது எனக்குப் புதிய செய்தி. வீட்டிலிருந்து மாதம் 8,000 வந்தது. மாமி மகளிடம் 10,000 கடன் வாங்கினேன். திடீரென்று ஒரு நாள், ஐந்து மாதத் தவணையும் சேர்ந்து 20,000 ரூபா கணக்கில் விழுந்தது. என் வாழ்க்கையில் என் பெயரில் நான் பார்த்த மிகப் பெரிய தொகை.

அன்றே டவுனுக்குப் போய், பாவித்த போன் ஒன்றை 24,000 ரூபாவுக்கு வாங்கினேன். குறைந்த 4,000 ரூபாவைச் சாப்பாட்டுக் காசிலிருந்து எடுத்தேன். பழைய போனின் முகம் வெடித்திருந்தது, இணையவழி வகுப்புக்கு வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். காரணம் பொய்யில்லை. மாமி மகளின் கடன் நினைவுக்கு வந்தது. அடுத்த தவணையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த தவணை என் கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. வருடத்துக்குப் பத்துத் தவணைதான், பன்னிரண்டு இல்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அந்த இரண்டரை மாதத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை.

நான் நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு என்று அறைத் தோழிகளிடம் சொன்னேன். உண்மையாகவே ஸஹர் செய்து, நிய்யத் வைத்துத்தான் பிடித்தேன். ஆனால் அந்த நிய்யத்தில் பாதி பகல் சாப்பாட்டுப் பார்சலின் விலை. அதை அல்லாஹ் அறிவான். மெல்ல மெல்லப் புதனும் சேர்ந்தது, பிறகு செவ்வாயும் சேர்ந்தது. எங்கள் அறையில் எம்பிலிப்பிட்டியைச் சேர்ந்த ஒரு சிங்களத் தோழி இருந்தாள். ஒரு நாள் மஃரிப் நேரம் சோறும் பருப்பும் ஒரு பீங்கானில் போட்டு என் முன்னால் வைத்தாள். "நீ சொன்னது திங்களும் வியாழனும். இன்றைக்குச் செவ்வாய்" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இரவில் நாங்கள் இருவரும் சேர்ந்து சமைத்தோம். அரிசி என்னுடையது, தேங்காய் அவளுடையது.

விடுமுறைக்கு வந்தபோது உம்மா என் முகத்தைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். நோன்புக் கதையில் பாதியை மறைத்து, போன் கதை முழுவதையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அலுமாரியைத் திறந்து கொழுந்துக் கொப்பியை எடுத்து வந்தார்.

கலவானையில் கொழுந்து கொடுக்கும் வீடுகளில் இப்படியொரு கொப்பி இருப்பது புதிதல்ல. லொறி வரும் நாளில் நிறுத்த கிலோ, சாக்குக்கும் மழைத் தண்ணீருக்கும் கழித்த கிலோ, மிச்சம் என்று மூன்று வரிசை. நான் சின்ன வயதிலிருந்து பார்த்த கொப்பிதான், ஆனால் அதை வாசித்ததில்லை. அன்று உம்மா வாசித்துக் காட்டினார். 2020இல் ஒரு சுற்றுக்கு 60 கிலோ, 58 கிலோ என்று இருந்தது. 2021 கடைசியில் 30, 25 என்று இறங்கியிருந்தது. பக்கத்தைத் திருப்பினால் பின்புறத்தில் வீட்டுச் செலவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர் என் உம்மா.

கொழுந்துக் காசு எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்குக் கொடுத்த கொழுந்துக்கு இன்றைக்கு விலை தெரியாது. கொழும்பு ஏலத்தில் அந்த மாதம் தேயிலை போன விலையை வைத்துத்தான் கணக்கு. அதில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்பது முறை. காசு கைக்கு வருவது அடுத்த மாதம். இடையில் முற்பணம் வாங்கினால் அது கழிபடும். மழை நன்றாகப் பெய்யும் மாதத்தில் கொழுந்து கூடும், வெயில் மாதத்தில் குறையும். ஆனால் வயிறு எல்லா மாதமும் ஒரே அளவுதான் கேட்கும்.

"போன மாசத்துக் கொழுந்துலதான் இந்த மாசம் சாப்புடுற. இந்த மாசத்துக் கொழுந்தத் தொடப்படாது" என்றார் உம்மா. "காசு கூட வாற மாசம் நாங்க பணக்காரர் இல்ல. அது வெயில் மாசத்துக் காசு, முந்தி வந்தீக்கி."

என் பேர்சரியும் அதே மாதிரியான காசுதான் என்பது எனக்கு அங்கே, அந்தப் பாயில் இருந்துதான் விளங்கியது. பிந்தி வரும், சேர்ந்து வரும், சில மாதம் வராது. நானோ அதை மாதச் சம்பளம் போல நினைத்திருந்தேன். நானும் உம்மாவும் கணக்குப் போட்டோம். 4,000 ரூபா பத்துத் தவணை என்றால் 40,000. அதைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 3,333. என்னிடம் 4,000 ஒருபோதும் இருந்ததில்லை. 2025இல் 6,500 வாங்கிய தங்கைமாருக்கும் 65,000ஐப் பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள். 5,416 வரும். அதுதான் அவர்களுடைய கைக்காசு.

அந்தத் தங்கை கேட்ட கேள்விக்கு என் கொப்பியிலிருந்தே விடை தருகிறேன். 2024 தொடக்கத்தில் ஒரு மாதம். நால்வர் தங்கும் அறையில் என் பங்கு 4,500. சாப்பாடு 9,000, அதுவும் இரவில் சமைத்ததால். ஊருக்கு ஒரு தடவை போய்வர 1,500. போட்டோக் கொப்பிக்கு இன்னொரு 1,500. போன் டேட்டா 700. சவர்க்காரம், மருந்து, மற்றச் சில்லறை 1,300. எல்லாம் சேர்த்து 18,500 ரூபா. பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் அறைச் செலவு வெகுவாகக் குறையும். எனக்கு இரண்டாம் வருடம் கிடைக்கவில்லை.

வரவு: வீட்டிலிருந்து 8,000, பேர்சரி 3,333. இரண்டும் சேர்ந்து 11,333. மிச்சம் 7,167 ரூபாவை நான்தான் உழைக்க வேண்டியிருந்தது.

அருகிலிருந்த ஐந்து சிறுவர்களுக்கு சனி, ஞாயிறு காலையில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். ஒருவருக்கு மாதம் 1,000. வார நாளில் மாலையிலும் வரச் சொல்லி ஒரு தாய் கேட்டார். இரட்டிப்புக் காசு தருவதாகவும் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் போய்ப் பார்த்தேன், வகுப்புகள் தவறின. பேர்சரிக்கு வரவுக் கணக்கு உண்டு. விரிவுரைக்கு 80 சதவீதம் போகாவிட்டால் தவணை நிற்கும். ஒரு காசுக்காக இன்னொரு காசை இழப்பதா என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வாப்பாவின் தொழில் கைகொடுத்தது. அபாயாவுக்குக் கீழ்மடிப்பு அடிக்க, கிழிந்ததைத் தைக்க ஒன்றுக்கு 200 ரூபா. விடுதிப் பிள்ளைகள் மாதம் பத்தாவது கொண்டுவருவார்கள். சின்ன வயதில் கடையில் இருத்தி வைத்துத் தைக்கப் பழக்கியதற்காக வாப்பாவோடு எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்!

5,000ம் 2,000மும் 7,000. இன்னும் 167 ரூபா குறையும். பரீட்சை மாதங்களில் ஊருக்குப் போகாமல் இருந்து அந்த ஓட்டையை அடைத்தேன். மாமி மகளின் கடனைத் தீர்க்க ஒன்பது மாதம் பிடித்தது. அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முந்தியே கொடுத்திருப்பேனோ என்னவோ.

பெற்றோருக்கு ஒரு விடயம். அரச பல்கலைக்கழகம் கிடைக்காத, ஆனால் உயர்தரத்தில் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் படிக்க 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் ஒன்று இருக்கிறது. வங்கிக்கு வட்டியை அரசாங்கம் கட்டும், பிள்ளை முதலை மட்டும் படித்து முடித்த பிறகு கட்டும். அதில் மார்க்க ரீதியான கேள்வி இருப்பவர்கள் வாப்பா போல விளக்கம் கேட்டுக்கொள்ளலாம். கேட்காமலே கதவைச் சாத்திவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

என் தங்கை 2024 உயர்தரம் எழுதினாள். 2025 ஏப்ரலில் முடிவு வந்தது, அவளுக்கும் இடம் கிடைக்கும்போல இருந்தது. மறுபடியும் படிவம். மறுபடியும் வருமானக் கட்டம். வாப்பா பேனையை எடுத்ததும் உம்மா கொழுந்துக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் என் கொப்பியைப் பக்கத்தில் வைத்தேன். தையல் கடைக்குக் கொப்பி இல்லை. வாப்பா மூன்று நாள் பழைய பில்களையெல்லாம் தேடி எடுத்து, கடை வாடகை, நூல், மின்சாரம் எல்லாவற்றையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதினார். அவர் எழுதிக் கூட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கூட்டி வந்த தொகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இவ்வளவுதானா?" என்று உம்மாவிடம் கேட்டார். "இவ்வளவுலதான் மூணு பேரையும் படிப்பிச்ச" என்றார் உம்மா. வாப்பா அந்த எண்ணை அப்படியே கட்டத்தில் எழுதினார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"மக, ஒன்ட டியூஷன் காசையும் இதுல போடணுமா?"

நானும் தங்கையும் படிவத்தை எடுத்து, குறிப்புகளை முதலாவது வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.